ஒரு வீட்டுக்கு இரண்டு லைன்

தொலைபேசிக் கம்பெனியில் அவளுக்குப் பசை என்று பெயர். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்தது. அவள் இருந்தது தக்கவைப்புப் பிரிவு. "உங்க லைன் வேண்டாம், கட் பண்ணுங்க" என்று யாராவது கூப்பிட்டால், அந்த அழைப்பு நேராகத் துண்டிப்பவரிடம் போகாது. முதலில் இந்தப் பிரிவுக்கு வரும். இவர்கள் நைச்சியமாகப் பேசி அவரைப் போகவிடாமல் செய்ய வேண்டும். மற்றவர்களிடம் மாட்டியவர்களில் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். பசையிடம் மாட்டியவர்கள், தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வைப்பார்கள்.

கம்பெனி விற்றது டிஎஸ்எல். பழைய தொலைபேசிக்காக வீட்டுக்குள் வரும் செம்புக் கம்பியிலேயே இன்டர்நெட்டையும் ஏற்றி அனுப்புகிற ஏற்பாடு. இன்னொரு கம்பெனி ஃபைபரைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வரும்வரை அதன் பிழைப்பு நன்றாகத்தான் ஓடியது. ஃபைபர் என்பது கண்ணாடி இழை, உள்ளே வெளிச்சம் போகும். தூரம் கூடினால் செம்பு போல மெலியாது, மழைக்குச் சளி பிடிக்காது. இதையெல்லாம் பசை யாரிடமும் மறைத்ததில்லை. "ஃபைபர் வேகம்தாங்க, அதுல சந்தேகமே இல்ல" என்றுதான் ஆரம்பிப்பாள். சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு வந்த மனிதருக்கு அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாது.

பிறகு கேள்விகள். வீட்டில் எத்தனை பேர், என்ன பார்ப்பீர்கள், எந்த அறையில் உட்காருவீர்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அவர்களுக்கே ஒன்று விளங்கிவிடும்: காலையில் செய்தி, சாயங்காலம் பேரப்பிள்ளையின் முகம், அவ்வளவுதான் தங்கள் வாழ்க்கை. "இதுக்கு இருக்கறதே போதுமே சார். புதுசுன்னா சுவத்தைத் துளைக்கணும்" என்பாள். மனிதர்களுக்கு வேகத்தின் மேல் இருக்கும் ஆசையைவிடச் சுவரின் மேல் இருக்கும் பாசம் பெரிது என்பது அவள் அந்த வேலையில் கற்றுக்கொண்டது.

கஷ்டம் என்னவென்றால், அவள் வீட்டு டிஎஸ்எல் படு மோசம். ஊர்க் கோடியில் வீடு. கம்பெனியின் நிலையத்திலிருந்து கிளம்பும் கம்பி எத்தனையோ கம்பங்களில் ஏறி இறங்கி, துருப்பிடித்த இணைப்புகளைக் கடந்து அவள் வீட்டுக்கு வந்து சேரும்போது அதற்கு உயிரே இருக்காது. அவளோ வீட்டிலிருந்து வேலை பார்ப்பவள். கணவன் சரக்கு லாரியோடு மாதத்தில் பாதி நாள் வெளியூரில். வீட்டில் மாமனார் மட்டும். அவர் ஒருமுறை குளியலறையில் தலைசுற்றி விழுந்து, அக்கம்பக்கத்தார் கதவை உடைத்துத் தூக்கும்படி ஆனது. அதற்குப் பிறகு அவள் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய அனுமதி அது. அனுமதிக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஊழியர் கம்பெனியின் சொந்த லைனில்தான் பேச வேண்டும்.

பேசினாள். "ஃபைபரை விட நம்ம லைன் நம்பகமானது சார்" என்று அவள் சொன்னால் எதிர்முனைக்கு "ஃபைபரை நம்ப சார்" என்று போய்ச் சேர்ந்தது. சொந்தக் கம்பெனியிலேயே புகார் கொடுத்தாள். உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று பதில் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. மேற்பார்வையாளர் எச்சரித்தார். யாருடைய அழைப்பையும் சொல்லாமல் கொள்ளாமல் ஒட்டுக்கேட்பது அவர் வேலை என்பதால் அவருக்குக் காது என்று பெயர். "குரல் சரியாகலைன்னா நீங்க ஆபீசுக்கே வரவேண்டியிருக்கும்மா."

"வீட்ல ஒருத்தர் இருக்கார் சார். விட்டுட்டு வர முடியாது."

மறுவாரம் அவள் ஃபைபர் போட்டுக்கொண்டாள். சுவரைத் துளைத்தார்கள். பழைய லைனை அப்படியே விட்டுவைத்தாள். கம்பெனி கேட்டால் காட்ட ஒரு லைன், பேச ஒரு லைன். அன்றிலிருந்து எதிரிக் கம்பெனியின் கண்ணாடி இழையில் உட்கார்ந்துகொண்டு, செம்பின் பெருமையை நாள் முழுக்கப் பேசினாள். குரல் தேன் மாதிரி போனது. காது பாராட்டினார்.

மாமனார் குடிநீர் வாரியத்தில் வால்வு திறந்து மூடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் தண்ணீராக மாற்றித்தான் புரிந்துகொள்வார். டிஎஸ்எல்லை உடனே புரிந்துகொண்டார். "தொட்டிக்குப் பக்கத்துல இருக்கறவனுக்கு நல்லா வரும், கடைசி வீட்டுக்காரனுக்குச் சொட்டும். சரிதான?" சரிதான். ஃபைபரைத்தான் அவரால் நம்ப முடியவில்லை. கடைசி வீட்டிலும் அதே அழுத்தம் என்றால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்றார். அதையும் தாண்டி அவரை உறுத்தியது வேறு. "ஒரு வீட்டுக்கு எதுக்கும்மா ரெண்டு குழாய்?"

"இருக்கட்டும் மாமா."

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் காது மந்தமானதிலிருந்து அவர் பேசுவது தெருமுனை வரை கேட்கும். அவரிடம் ரகசியம் சொல்வதற்குப் பதில் ஒலிபெருக்கியில் அறிவித்துவிடலாம். அவரோ தானாக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். பழைய லைன் அவர் பெயரில் இருந்தது. அந்தப் போனில்தான் அவர் வெளியூரில் இருக்கும் மகளோடு பேசுவார்.

ஒரு நாள் மதியம் பசை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இருந்தாள். திரை ஓரத்தில் சிவப்புப் புள்ளி எரிந்தது. காது கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அடுத்த அழைப்பு வந்தது.

"வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?" என்றாள். அவளுடைய ஆபீஸ் குரல் வீட்டுக் குரலைவிட ஒரு கட்டை மேலே இருக்கும். பெற்ற தாயே ஒருமுறை ஏமாந்திருக்கிறாள்.

"லைனைக் கட் பண்ணணும்மா" என்றது சுவர். ஒரு நொடி கழித்து அதையே ஹெட்செட் சொன்னது.

திரையில் அவளுடைய வீட்டு முகவரி வந்து நின்றது. மாமனார் பாட்டுக்கு மருமகளும் உங்கள் கம்பெனிதான், ஆனால் ஃபைபர் வைத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டால் அதோடு வேலை போயிற்று. அழைப்பை வெட்டவும் முடியாது, வெட்டினால் காது காரணம் கேட்பார். வழக்கமான வழியில் போவதைத் தவிர வேறு வழியில்லை.

"ஏன் சார் கட் பண்ணணும்னு நினைக்கறீங்க?"

"நான் ஊருக்குப் போறேன். பொண்ணு வீட்டுக்கு. இனிமே அங்கதான்."

பசைக்கு இது புதுச் செய்தி. காலையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்போது அவர் உப்பு குறைவு என்பதை மட்டும்தான் சொன்னார்.

அடுத்த கேள்வி தானாக வாயில் வந்தது. "இங்க எதாவது குறை இருக்குங்களா சார்?"

"குறையா? ஒண்ணும் கிடையாது. என் மருமக ஆபீசுக்குப் போக வேண்டியவ. என்னால வீட்ல அடைஞ்சு கிடக்கறா. ஒரு நாள் கதவு தொறந்திருந்துச்சு, அவ மேலதிகாரிகிட்டச் சொன்னது காதுல விழுந்துச்சு. வீட்ல ஒருத்தர் இருக்கார், விட்டுட்டு வர முடியாதுன்னு." அவர் செருமினார். சுவரும் செருமியது. "இந்த லைனையும் எனக்காகத்தான் வச்சிருக்கா. நேர்ல சொன்னா விட மாட்டா. அவ பேசினா யாரும் போக முடியாது. அதான், முதல்ல லைனைக் கட் பண்ணிட்டு அப்புறம் சொல்லிக்கலாம்னு."

திரையில் காதிடமிருந்து ஒரு வரி வந்தது: மௌனம் கூடாது, பயன்பாட்டைக் கேளுங்கள்.

கேட்டாள். "பொண்ணு வீட்ல உங்களுக்கு என்ன பயன்பாடு சார்?"

"பயன்பாடா? உக்காந்திருப்பேன்."

"இங்க?"

"இங்கயும் உக்காந்துதான் இருக்கேன்." அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆனா இங்க சத்தம் இருக்கும். மருமக அந்த ரூம்ல பேசிக்கிட்டே இருப்பா. கதவு சாத்தியிருந்தா என்ன பேசறான்னு எனக்குப் புரியாது, சும்மா ஒரு சத்தம். அது கேட்டாத்தான் மதியம் தூக்கம் வருது. பொண்ணு வீட்ல எல்லாரும் காலைல வேலைக்குப் போயிடுவாங்க. பெரிய வீடு. சரி அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு, கட் பண்ணும்மா."

காது இரண்டாவது வரி அனுப்பினார்: சலுகை கொடுங்கள்.

சலுகை கொடுக்க அவளுக்கு அதிகாரம் உண்டு. மூன்று மாத வாடகை தள்ளுபடி. அதைச் சொல்ல வாயெடுத்தாள். வந்த குரல் ஆபீஸ் குரலாக இல்லை; நிறுத்திக்கொண்டாள். இத்தனை வருடங்களில் முன்பின் தெரியாத எத்தனையோ பேரைப் போகாதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். இந்த மனிதரிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அவர் போய்விட்டால் கணவன் இல்லாத நாட்களில் இந்த வீட்டில் தான் மட்டும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அவருக்காக வீட்டில் இருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொன்னதில் பாதிதான் உண்மை. அவர் இருக்கிற வீடு அவளுக்குப் பிடித்திருந்தது.

"கொஞ்சம் லைன்ல இருங்க சார்."

அழைப்பைக் காத்திருப்பில் போட்டுவிட்டு, ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். காத்திருப்பில் போட்டாலும் மைக் திறந்தே இருக்கும், காதுக்குக் கேட்கும். அது அவளுக்குத் தெரியும். கதவைத் திறந்துகொண்டு முன்னறைக்குப் போனாள்.

மாமனார் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு, உள்ளே ஓடும் பாட்டுக்குத் தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் ஒரு கையைத் தூக்கி, பேசாதே என்று சைகை செய்தார்.

அவள் எதிரே உட்கார்ந்தாள். "மாமா, வச்சிருங்க."

"இரும்மா. ஒரு பொண்ணு பேசிட்டு இருக்கா. வருவா."

"வர மாட்டா மாமா."

"அதெல்லாம் வருவா. நல்ல பொண்ணு. மரியாதையா பேசறா." குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார்: "எதோ கஷ்டம் போல. குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"அந்தப் பொண்ணு நான்தான் மாமா."

அவர் அவளைப் பார்த்தார். ரிசீவரைப் பார்த்தார். திறந்து கிடந்த அறைக்கதவைப் பார்த்தார். வால்வு எங்கே திறந்தால் எங்கே வரும் என்று ஆயுள் முழுக்கக் கணக்குப் போட்ட மனிதருக்கு, இதைப் போட்டு முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்ப நான் சொன்னதெல்லாம்..."

"கேட்டுட்டேன்."

"இது என்ன கம்பெனிம்மா" என்றார் எரிச்சலோடு. "ஒரு மனுஷன் வீட்டுக்குத் தெரியாம ஒரு காரியம் பண்ண முடியாதா?"

"முடியாது. நீங்க போக வேணாம் மாமா. எனக்கு நீங்க இங்க இருக்கணும்."

மாமனாருக்குப் பழக்கமில்லாத பேச்சு. ரிசீவரை அவளிடம் நீட்டி, "இந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லு" என்றார்.

காது எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "இந்த லைனையும்" என்று மாமனார் சொன்னதைப் பிடித்துக்கொண்டு விசாரித்ததில் வீட்டிலிருந்த இன்னொரு லைனும் தெரிந்துபோனது. திங்கட்கிழமை ஆபீசுக்கு வரச் சொன்னார். கெட்ட மனிதரில்லை. முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டே, ஃபைபர் விஷயம் பதிவாகிவிட்டது, இனி அவள் தினமும் ஆபீசுக்கு வந்துதான் வேலை பார்க்க வேண்டும் என்றார். அப்படியானால் நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். "ஏன் விடணும்னு நினைக்கறீங்க?" என்று அவர் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார். அவரும் ஒரு காலத்தில் அந்தப் பிரிவில் இருந்தவர். இரண்டாவது கேள்விக்குள் அவருக்கே வெட்கமாகிவிட்டது.

நாலைந்து வாரம் சும்மா இருந்தாள். பிறகு ஃபைபர் கம்பெனி அவளைக் கூப்பிட்டுக்கொண்டது. டிஎஸ்எல் வைத்திருப்பவர்களைப் பேசி இந்தப் பக்கம் இழுக்கும் வேலை. புதிதாக எதுவும் கற்க வேண்டியிருக்கவில்லை, பழைய வாக்கியங்களையே கடைசியிலிருந்து சொன்னால் போதும். "இருக்கறதே போதும்தாங்க, அதுல சந்தேகமே இல்ல" என்று ஆரம்பித்தாள். சுவரைத் துளைப்பதில் என்ன நேரம் ஆகிவிடப்போகிறது என்றும் சொன்னாள். முன்பு எவ்வளவு மனதாரப் பேசினாளோ அவ்வளவு மனதாரத்தான் இப்போதும் பேசினாள். அறை அதே அறை, கதவு அதே கதவு.

பழைய லைனை யாரும் துண்டிக்கவில்லை. அந்தப் பேச்சே அதற்குப் பிறகு எழவில்லை. ஒரு மதியம் அவள் ஒரு கடைக்காரருக்கு இரண்டு லைனுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, முன்னறையில் போன் அடித்தது. மகள்தான். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

"நானா? எங்கம்மா வர்றது" என்றது சுவர். அலுத்துக்கொள்வது போல ஆரம்பித்த குரலில் பெருமையை மறைக்கத் தெரியவில்லை. "இங்க என்னை விட மாட்டேங்கறாங்க."

கடைக்காரர் ஏதோ கேட்டார். பசை, மன்னிக்க வேண்டும், இன்னொரு முறை சொல்லுங்கள் என்றாள். அவர் திரும்பச் சொன்னார். மறுபடியும் மன்னிப்புக் கேட்டாள்.

"என்னம்மா, உங்க ஃபைபர்லயும் குரல் விட்டு விட்டுத்தான் வருமா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல சார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "லைன் நல்லாத்தான் இருக்கு."