எனிமாக் குழாயும் எலுமிச்சம்பழமும்

என் மோட்டார் வண்டிக்கு நான் ஒரு முறை எனிமா கொடுத்திருக்கிறேன். ஒளித்துப் பயனில்லை, ரங்கூனின் அலோன் பேட்டையில் எங்கள் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

அந்த வண்டியின் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தில் பிடிப்பது. ரங்கூனுக்கு அப்போது அது புதிது. மிதித்தால் கட்டைபோல் எதிர்க்க வேண்டிய மிதி, சில நாட்களாகப் பஞ்சுத் தலையணைபோல் அமுங்கியது. பழைய எண்ணெயை இறக்கிப் புதிது ஊற்ற வேண்டும். பட்டறைக்காரர் அதற்கென்றே கப்பலில் வரும் திரவத்தையும் கருவிகளையும் பற்றிப் பயபக்தியோடு பேசினார். நான் வண்டியோடு வந்த கைப்புத்தகத்தைப் படித்தேன். அந்தத் திரவம் பெரும்பாலும் விளக்கெண்ணெயும் சாராயமும்தானாம். விளக்கெண்ணெய் இல்லாத தமிழ் வீடு உண்டா? ஸ்பிரிட் அடுப்பு புண்ணியத்தில் மற்றதும் இருந்தது.

அவசரத்துக்குக் காரணம் மாமனார். ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தவர் மறுநாள் காலை கப்பலேற வேண்டும். "துறைமுகத்துக்கு நான் ட்ராம்லயே போய்க்கறேம்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டார். வாசலில் வண்டி நிற்க மாமனார் ட்ராமில் போனால், அந்தச் செய்தி கப்பலை முந்திக்கொண்டு ஊர் போய்ச் சேரும்.

பழையதை இறக்கிவிட்டு, இரண்டையும் கலந்து, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையால் பிரேக்கின் எண்ணெய்க் குப்பியில் ஊற்றினேன். சக்கரத்துக்குப் பின்னாலிருந்த திருகில் எனிமா டப்பாவின் ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைக் காலி ஊறுகாய் ஜாடிக்குள் விட்டேன். இனி ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். மிதிக்கும்போது நான் திருகைத் திறந்து, அவர் காலை எடுப்பதற்குள் மூடிவிட வேண்டும். பிந்தினால் காற்றுப் புகுந்துவிடும்.

"தெரு பாக்க அதுல ஏறி உக்காந்து மிதிக்கணுமா? ஆளை விடுங்க" என்றாள் மனைவி. மாமனார் தாமாகவே போய் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அவரும் நானும் நேரடியாகப் பேசிக்கொண்டதில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான். அதற்குப் பெயர் மரியாதை. நான் வண்டிக்கடியில் படுத்திருந்தேன் என்பதற்காக மரியாதை மாறிவிடுமா?

"அப்பாவை மிதிக்கச் சொல்லு."

"அப்பா, மிதிக்கணுமாம்."

"எதையாம்?"

"எதைன்னு கேக்கறாரு."

"நடுவுல இருக்கறதை."

"நடுவுல இருக்கறதாம்ப்பா."

"மிதிச்சு, எடுத்தும் ஆச்சுன்னு சொல்லு."

திருகு திறந்தே இருந்தது. காலி ஜாடியிலிருந்து வண்டி ஒரு பெருமூச்சை உள்ளே இழுத்துக்கொண்டது. மற்ற மூன்று சக்கரங்களுக்கும் இதே மரியாதை நடந்தது.

பிறகு ஓட்டிப் பார்த்தாக வேண்டும். நான் நிறுத்த வேண்டிய இடத்தில் அடையாளத்துக்கு எதையாவது வைக்கச் சொன்னேன். மனைவி சமையலறையில் கைக்கு அகப்பட்ட எலுமிச்சம்பழத்தை வைத்தாள். பழத்துக்கு இரண்டு முழம் முன்னால் நிற்பதாகத் திட்டம்.

மிதித்தேன். மிதி தரையைத் தொட்டது. வண்டி பழத்தின் மேல் ஏறி இறங்கி, மொஹிங்கா என்னும் மீன்குழம்புச் சேவை விற்கும் பர்மியப் பெண்மணியின் பானையை மயிரிழையில் தவிர்த்து, தெருமுனையில் அரிசி ஆலைக்காரர் குவித்திருந்த உமிக்குள் நிம்மதியாகப் புகுந்து நின்றது. கை பிரேக் என்று ஒன்று உண்டென்பது உமிக்குள் போன பிறகே நினைவுக்கு வந்தது.

மாமனார் மெதுவாக நடந்து வந்தார். நசுங்கிக் கிடந்த பழத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு, முதல் முறையாக, என் முகத்தைப் பார்த்தே பேசினார்:

"பழம் சுத்தமா நசுங்கியிருக்கு, மாப்பிள்ளை. சகுனத்துக்கு ஒரு குறையும் இல்லை. காலைல முதல் ட்ராம் எத்தனை மணிக்கு?"