மச்சானுக்கு ஊர் காட்டிய இரவு

பிள்ளையள், போன மாதம் அக்கா சிநேகிதிகளோடு பிராக் நகரத்துக்கு வெளிக்கிட்டபோது, "இரவில் திரியிறதெண்டால் கவனம்" என்று நான் சொன்னேன். அவள் டெனிஷில் திருப்பிக் கேட்டாள்: "அப்பா, ஒருநாளாவது இரவில் வெளியில் போய்ச் சந்தோசமாய் இருந்திருக்கிறீங்களா? உங்களுக்கு என்ன தெரியும்?" தம்பி சிரித்தான். அம்மா குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டா. கழுவுவதற்கு அங்கே ஒரு கோப்பையும் இருக்கவில்லை.

அந்தத் தண்ணீர்ச் சத்தம் எதற்கென்று எனக்கு மட்டும்தான் தெரியும். வாயால் சொல்ல வெட்கமாய் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, பிழை இருக்கும், பொறுத்து வாசியுங்கோ.

நீங்கள் பிறக்கமுதல் நான் டென்மார்க்கின் ஓல்போர்க் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் பெரிய சட்டிகள் கழுவிக்கொண்டிருந்தேன். இந்த நாட்டில் இருக்க அனுமதி கிடைத்து, உங்கள் அம்மாவைக் கூப்பிடவும் எழுதிக் கொடுத்துவிட்டேன். சட்டப்படி அவ வந்திருக்க வேண்டும். ஆனால் எங்கடை ஆக்களின் விண்ணப்பங்கள் எல்லாம் அசையாமல் கிடந்தன. போய்க் கேட்டால், "பொறுங்கோ" என்பார்கள். பின்னாளில் ஒரு மந்திரியே அவற்றை மறித்து வைத்தது வெளியில் வந்து, அதுதான் தமிழர் வழக்கென்று பேப்பரெல்லாம் எழுதி, ஒரு அரசாங்கமே விழுந்தது. நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது அதைத்தான். அந்த நேரம் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்களுக்கே விளங்காததை ஊரில் இருக்கிற பெண்சாதிக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

ஊரில் கதை வேறு மாதிரி ஓடியது. "அரசாங்கம் ஏன் ஒருத்தன்ரை பெண்சாதியை மறிக்கப் போகுது? மாப்பிள்ளைக்குத்தான் கூப்பிட மனமில்லை. அங்கை ஒரு வெள்ளைக்காரி இருப்பாள்." சனம் சும்மா சொல்லவில்லை. அப்படியும் ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள்தான். அம்மாவின் கடிதங்கள் வரவரச் சின்னதாகின. கடைசியில் வந்ததில், "அண்ணை லண்டனிலிருந்து உங்களைப் பார்க்க வருகிறார்" என்பதற்கு மேல் அதிகம் இல்லை.

அண்ணை என்றால் உங்கள் பெரிய மாமா. எனக்கு மச்சான். படித்தவர், லண்டனில் கணக்கு வேலை. நான் ஊரில் சங்கக்கடையில் தராசில் சீனி நிறுத்தவன். கலியாண வீட்டிலேயே அவர் என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை தராசு பிடிக்கிற கையாலதான் தாலி கட்டப்போறாரோ?" என்று கேட்க, சபை முழுக்கச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்வது?

என்னோடு அறையில் இருந்தவர் மட்டக்களப்பு ஆள், என்னைவிட மூத்தவர். மச்சான் வருகிறார் என்று கேட்ட உடனேயே அவர் சொன்னார்.

"மனே, அவன் ஊர் பாக்க வரல்ல. உன்னப் பாக்க வாறான். இந்த அறையக் காட்டு, சட்டி கழுவுற இடத்தக் காட்டு. அவ்வளவுதான்."

"வீட்டுக்கு வாற மச்சானுக்கு எச்சில் சட்டியோ அண்ணை காட்டுறது?" என்றேன் நான்.

"பின்ன என்னத்தக் காட்டப்போறாய்?"

"இந்த ஊரைக் காட்டப்போறன். இரவில இந்த ஊர் எப்பிடியிருக்கு எண்டு."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

எங்கடை வழக்கம் உங்களுக்கு முழுக்கத் தெரியாது. பெண்சாதியின் அண்ணன் வந்தால் ஒரு குறையும் விடக்கூடாது. அவர் கேட்கமுதல் கொடுக்க வேண்டும், கை நிறையக் கொடுக்க வேண்டும். அதில் குறைந்தால் அவருடைய தங்கச்சியையும் அப்படித்தான் வைத்திருப்போம் என்று அர்த்தம். அந்த ஒன்றுதான் என் மண்டைக்குள் இருந்தது. பிழை அங்கேதான்.

ஆனால் எனக்கு அந்த ஊரின் இரவு தெரியாது. வேலை, அறை, படுக்கை. குடிக்கடைகள் வரிசையாய் இருக்கிற ஒரு தெரு உண்டு, சுற்றுலாக்காரர் எல்லாரும் அங்கேதான் போவார்கள் என்று கேள்விப்பட்டதோடு சரி. அதனால் குசினியில் என்னோடு சட்டி கழுவிய டெனிஷ்காரக் கிழவரிடம் கேட்டேன். அவர் கை துடைத்துக்கொண்டு பாடம் எடுத்தார். கெதியாய்ப் போ, பிந்திப் போனால் வாசலில் காசு கேட்பார்கள். தேவையானதை மட்டும் முன் பொக்கற்றில் வை, மிச்சத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போ. ஒரு பியரை எடுத்தால் அவசரப்படாமல் குடி. சாப்பாட்டுக் கடைக்குள் போகாதே, வெளியில் சொசேஜ் வண்டிலில் சாப்பிடு, மலிவு. குடிவெறிகாரன் யாராவது தோளில் கை போட்டால் சிரித்துவிட்டு நடந்துகொண்டே இரு. கடைசி பஸ்ஸைப் பார்த்து வை.

கடைசியில் கேட்டார்: "உன் மச்சான் என்ன, ராசாவா?"

"ராசாவைவிடப் பெரிசு" என்றேன்.

அக்கா, அந்தக் கிழவர் சொன்ன ஒன்றும் பிழையில்லை. பிராக்குக்கும் அதேதான். எழுதி வைத்துக்கொள்.

பிழை விட்டது நான். மச்சான் வருவதற்கு முதல்நாள் வேலை முடிந்து தனியாய் அந்தத் தெருவுக்குப் போனேன். மச்சானுக்கு முன்னால் வழி தெரியாமல் முழிக்கக்கூடாது, எங்கே நிற்பது, எதை வாங்குவது என்று பழகிக்கொள்ள வேண்டும் என்று. ஒரு கடை வாசலில் நின்ற தடித்த காவல்காரனிடம், எந்த நேரம் வரை காசில்லாமல் விடுவீர்கள், சப்பாத்து இது போதுமா, மச்சான் சாரம் கட்டிக்கொண்டு வரமாட்டார் என்றெல்லாம் கேட்டு அவனைச் சிரிக்க வைத்தேன். பிறகு சொசேஜ் வண்டிலில் நின்ற மனுசியிடம், இது மாடா, அது மாடா, இந்தச் சிவப்பில் மாடு கலந்திருக்கா என்று ஒவ்வொன்றாய்த் தொட்டுத் தொட்டுக் கேட்டேன். மச்சான் மாடு தொடமாட்டார். மாட்டை அவர் வாயில் வைத்துவிட்டால் என் கதை முடிந்தது. அந்த மனுசிக்குப் பொறுமை. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னா.

மறுநாள் மச்சான் வந்தார். கப்பலில் எஸ்பியர்க் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து ரயில். தோள் பையில் கமரா. என் அறையில் ஒரு நிமிசம் இருத்தக்கூட இல்லை, பையை வைத்த கையோடு, "வாங்கோ மச்சான், வெளியில போவம்" என்று கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். மட்டக்களப்பு அண்ணன் கட்டிலில் இருந்து தலையை ஆட்டினார். நான் பார்க்காதது மாதிரி வந்தேன்.

கோடை. அந்த நேரத்திலும் வானம் வெளிச்சமாய் இருந்தது. தெரு முழுக்கச் சனம், வெளியில் மேசை, பாட்டு, கண்ணாடிச் சத்தம். மச்சான் இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து நடந்தார். நான் கைகாட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டு போனேன்.

"இதுக்குள்ள விலை கூட மச்சான். அதுக்குள்ள பொடியள்தான், சண்டை வரும். நாங்கள் அங்காலை போவம். கெதியாப் போனால் வாசலில காசு இல்லை. உங்கடை பேர்ஸை முன்னுக்கு வையுங்கோ."

"நல்லாத்தான் பழகி வச்சிருக்கிறீர்" என்றார் மச்சான்.

அதை நான் பாராட்டென்று எடுத்தேன். கேளுங்கோ என் புத்தியை!

வாசலில் அதே காவல்காரன். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "வந்துவிட்டாயா, என் கூட்டாளி!" என்று ஆங்கிலத்தில் சொல்லி, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே விட்டான். மச்சான் அவனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். உள்ளே ஆளுக்கொரு பியர். பக்கத்து மேசையில் வேலையால் வந்த நாலைந்து டெனிஷ் பெண்கள், அம்மாமார் வயது. ஒருத்தி கிளாசைத் தூக்கி என் பக்கம் நீட்டினா. இந்த நாட்டில் கிளாசைத் தூக்கினால் மற்றவரின் கண்ணைப் பார்த்துத்தான் குடிக்க வேண்டும், பார்க்காவிட்டால் மரியாதையில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு கொண்டாட்டத்தில் அதைப் பழகியிருந்தேன். நானும் தூக்கி, கண்ணைப் பார்த்துக் குடித்தேன். இவ்வளவுதான். மச்சான் தன் கிளாசை மேசையில் வைத்துவிட்டார். அதன்பிறகு அவர் அதைத் தொடவேயில்லை.

"பசிக்குது" என்றார்.

சொசேஜ் வண்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் வாய் திறக்கமுதல் அந்த மனுசி கையை உயர்த்தி, தெருவுக்கே கேட்க ஆங்கிலத்தில் சத்தம் போட்டா: "மாடு இல்லை! மாடு இல்லை! நேற்றே சொன்னேனே உனக்கு!" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நேற்றுமோ?"

எனக்குக் காது சுட்டது.

"மச்சான், நேற்று நான் வந்தது… உங்களைக் கூட்டிக்கொண்டு வர முதல் ஒருக்காப் பார்ப்பமெண்டு…"

"என்னத்தைப் பாக்க?"

"எங்கை நிக்கிறது, எப்பிடி வாங்கிறது எண்டு. எனக்கு இந்த இடமெல்லாம் தெரியாது மச்சான். சத்தியமா நேற்றுத்தான் முதல் வந்தது."

"குடிக்கடைக்கு ஒத்திகை பாத்திட்டு வாற ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன்." அவர் சிரிக்கவில்லை. "எங்கடை வீட்டில பின்னேரம் ஆறு மணிக்கு விளக்கை நூத்துப்போட்டு இருக்குதுகள். தங்கச்சி ஊரடங்குக்குள்ள கிணத்தடிக்குப் போகவும் பயந்து கிடக்கிறாள். நீர் இங்கை வெள்ளைக்காரியின்ரை கண்ணைப் பாத்துக் குடிக்கிறீர். வாசல்காரன் உமக்குக் கூட்டாளி. நான் போய் அவளுக்கு என்னத்தைச் சொல்ல?"

சுடச்சுட அந்தச் சொசேஜ் என் கையில் இருந்தது. கடுகுச் சாறு விரலில் வழிந்தது. நான் சட்டி கழுவுகிறேன், எனக்கு இங்கே ஒருத்தரையும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமையில் கதைக்க ஆளில்லாமல் ரயில் நிலையத்து மர வாங்கில் போய்க் குந்தியிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. ஆனால் தராசுப் பகிடி சொன்ன வாய்க்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. வெறும் பயலென்று அவர் நினைப்பதைவிடக் கூடாத ஆளென்று நினைக்கட்டும் என்பதுபோல் நின்றுவிட்டேன். அங்கே நினைக்கப்போவது அவர் இல்லை, உங்கள் அம்மா என்பது அந்த நிமிசம் என் நெஞ்சில் வரவேயில்லை. இதை எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

மச்சான் மறுநாளே போய்விட்டார். என் சட்டி கழுவும் இடத்தை அவர் காணவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

அம்மாவின் கடிதம் அதன்பிறகு வரவில்லை. நான் எழுதிக்கொண்டே இருந்தேன், மறுமொழி இல்லை. அம்மாவின் அப்பா மட்டும் இரண்டு வரி அனுப்பினார்: "மகளைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அவளுக்கு நாங்கள் வழி பார்ப்போம்." மட்டக்களப்பு அண்ணன் அதை வாசித்துவிட்டு, "நான் சொன்னன்" என்று சொல்லவில்லை. ஒரு கோப்பை தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

பிறகு வழக்கு வெளியில் வந்தது. விண்ணப்பங்களைத் திறந்தார்கள். எங்கள் எல்லாருடைய பெண்சாதி பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வரத் தொடங்கினார்கள். ஊரில் அப்போதுதான் நம்பினார்கள், மறித்தது நாங்களில்லை என்று. அம்மாவும் வந்தா. விமான நிலையத்தில் என்னைப் பார்த்த பார்வையில் சந்தோசம் இருந்தது, ஆனால் முழுக்க இல்லை. இரண்டு நாள் அறையைத் துடைத்தா, சமைத்தா, அளவாகக் கதைத்தா. மூன்றாம் நாள் காலமை, "அண்ணையைக் கூட்டிக்கொண்டு போன இடத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றா.

"அங்கை என்ன இருக்கு?"

"அதைத்தான் பாக்க வேணும்."

பகலில் போனோம். கடையெல்லாம் பூட்டு. முந்தின இரவின் பியர் மணம் கல்லுக்குள் ஊறிக் கிடந்தது. ஒருத்தன் குழாய்த் தண்ணீர் அடித்து நிலம் கழுவிக்கொண்டிருந்தான். கதிரைகளைச் சங்கிலியால் கட்டிச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்கள். அம்மா மேலங்கியைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு தெருவின் ஒரு தொங்கலில் இருந்து மற்றத் தொங்கல் மட்டும் நடந்தா. நான் பின்னால் நடந்தேன்.

"இதுதானோ?"

"ஓம்."

"எத்தினை தரம் வந்தனீங்கள்?"

"ரெண்டு. ஒண்டு அண்ணையோட. மற்றது, அண்ணைக்குக் காட்டப் பழகுறதுக்கு."

அவ நின்று என்னைப் பார்த்தா. இந்தத் தடவை நான் எல்லாவற்றையும் சொன்னேன். மாடு கேட்டது, சப்பாத்துக் கேட்டது, தராசுப் பகிடிக்குப் பயந்து வாயை மூடியது. சொல்லச் சொல்ல எனக்கு அவவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நனைந்த கல்லைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"அண்ணை சிரிப்பார் எண்டோ," என்றா அம்மா கடைசியில், "என்னை அவ்வளவு காலமும் அழ விட்டனீங்கள்?"

"ஓம்" என்றேன்.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். மேலங்கிப் பொக்கற்றுக்குள் கையை விட்டுக்கொண்டு, "அரிசி முடிஞ்சுது, வாங்கிக்கொண்டு போவம்" என்று நடக்கத் தொடங்கினா. நான் அவவை எட்டிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.