பழைய தாளோடு போன ஒன்பது புத்தகங்கள்

ஹான்பித் குடியிருப்பில் போய் தாக் யோன்ஹி வீடு எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. நாரே அம்மா வீடு என்று கேளுங்கள், லிஃப்டில் நிற்கிற முன்பின் தெரியாத ஆள்கூடப் பன்னிரண்டாம் மாடிப் பட்டனை அமுக்கிவிட்டு நகர்ந்து நிற்பார். அந்தப் பெயரை அவள் சும்மா ஒன்றும் சம்பாதிக்கவில்லை. போனில் படம் எடுத்து எடுத்துச் சம்பாதித்தாள்.

பெண் நாரே மார்ச் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததுமே, வீட்டையே பள்ளிக்கூடமாக்கப் போவதாக யோன்ஹி அறிவித்துவிட்டாள். ஃபிரிட்ஜ் மேல் 'ஃபிரிட்ஜ்' என்று எழுதி ஒட்டினாள். கதவு மேல் 'கதவு'. அரிசிக் குக்கர், செருப்பு அலமாரி, கணவன் தேசிக்கின் சீப்பு, எதையும் விடவில்லை.

"சீப்புல ஏம்மா ஒட்டியிருக்க? தலை வாரினா பேப்பர் குத்துது" என்றான் தேசிக்.

"பிள்ளை எழுத்தைப் பார்த்துக்கிட்டே வளரணும்ங்க. உங்களுக்கென்ன, இருக்கிறதே நாலு முடி."

அதோடு விட்டாளா? பால்கனியில் நாலு கூடை வைத்தாள். காகிதத்துக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று, டப்பாவுக்கு ஒன்று, பொட்டலக் கவர்களுக்கு ஒன்று. இதற்கு 'குப்பையோடு வாசிப்போம்' என்று பெயர். பிள்ளை கவரில் இருக்கிற வார்த்தையைப் படிக்க வேண்டும், எந்தக் கூடை என்று கண்டுபிடிக்க வேண்டும், போட வேண்டும். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நடந்தது என்ன? கழுவி, கத்தரித்து, காயவைத்த பால் அட்டையை நாரே கையில் கொடுத்து ஒரு படம். எழுத்தின் மேல் அவள் விரலை வைத்து ஒரு படம். கூடையில் போடுகிற மாதிரி ஒரு படம். முடிந்தது கதை.

"போதும் நாரே. போய் டிவி பாரு."

ராம்யோன் நூடுல்ஸ் கவர்களும் பொரித்த கோழி வந்த டப்பாக்களும் படத்தில் விழாதபடி வேறு பையில் ஓரமாகப் போய்விடும். பிளாக் அம்மாக்களின் போன் குழுவில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். படம் போட்ட அரை மணி நேரத்தில் நாற்பது இதயம் வந்துவிடும். மிச்சம் ஒருத்தர் யோன்ஹியே. நாரேவுக்கு மட்டும் அந்த அட்டையில் எழுதியிருந்தது 'பால்' என்று படிக்கத் தெரியாது. வெள்ளையாக இருந்ததால் பால் என்று சொன்னாள்.

இதற்கு மேல் மாதா மாதம் கூரியரில் ஒரு பயிற்சிப் புத்தகம் வரும். எழுத்து, வார்த்தை, வாக்கியம் என்று அறுபது பக்கம். வந்த அன்றே யோன்ஹி அட்டையில் பெயர் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாள்: 'ஒன்றாம் வகுப்பு, மூன்றாம் பிரிவு, நாரே'. தண்ணீரில் ஊறினாலும் வராத உசத்தி ரக ஸ்டிக்கர். முதல் பக்கத்தைப் பெண்ணின் கையைப் பிடித்து எழுதவைப்பாள், படம் எடுப்பாள். அப்புறம் அந்தப் புத்தகத்தின் மேல் ஆரஞ்சுக் கூடை உட்காரும். அடுத்த மாதப் புத்தகம் வரும்போதுதான் கூடை எழுந்திருக்கும்.

வியாழக்கிழமை மறுசுழற்சி நாள். அது தேசிக்கின் வேலை. பெட்டிகளில் டேப்பைக் கிழித்து, விலாசத்தை உரித்து, மடித்துக் கட்டுவான். நடுவில் அந்தப் புத்தகம் வரும்.

"ஏம்மா, இது புதுசு மாதிரி இருக்கே."

"அது போன மாசத்துதுங்க."

"போன மாசத்துதுன்னா எழுதியிருக்கணுமே."

"கேள்வி கேக்காம கொண்டுபோய்ப் போடுங்களேன். வியாழக்கிழமை வந்தாதான் உங்களுக்குப் படிப்பு மேல அக்கறை வரும்."

அவன் நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டிப் பார்ப்பான். வராது. இரண்டு பெட்டிக்கு நடுவில் செருகிக்கொண்டு கீழே போவான்.

நாரே பள்ளியில் சொல்வதெழுதுதலில் நூற்றுக்கு இருபது வாங்கினாள். அடுத்த வாரமும் இருபது. நம்கூங் டீச்சர் நோட்டில் 'வீட்டில் கொஞ்சம் உட்கார்ந்து வாசிக்க வையுங்கள்' என்று எழுதி அனுப்பினார். யோன்ஹிக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருக்கத்தான் செய்தது. ராத்திரி படுத்ததும் அது வந்து நெஞ்சில் உட்காரும். காலையில் போனை எடுத்தால் நாற்பது இதயம் இருக்கும், பயம் போய்விடும்.

டிசம்பர் மாதப் பெற்றோர் கூட்டத்தில் 'எங்கள் வீட்டில் வாசிப்பு' என்று ஒரு அம்மா பேச வேண்டும் என்றார்கள். யார் பேசுவது என்ற கேள்வியே எழவில்லை. குழுவில் எல்லாரும் ஒரே குரலில் நாரே அம்மா என்றார்கள். அவளும் "ஐயோ, நானா?" என்று எழுதினாள், அதற்குள் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் செய்தி போய்விட்டது. மறுநாள் நம்கூங் டீச்சர் போன் செய்தார்.

"ரொம்ப சந்தோஷம், நாரே அம்மா. மார்ச்லேர்ந்து நவம்பர் வரைக்கும் ஒன்பது புத்தகம் முடிச்சிருக்கீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு வாரம் முன்னாடியே குடுத்திடுங்க. நான் திருத்தி வைக்கிறேன், கூட்டத்துல காட்டலாம்."

முடிக்கவில்லை என்று யோன்ஹி அப்போதே சொல்லியிருக்கலாம், வாய் வந்தால்தானே. "கண்டிப்பா குடுக்கறேன் டீச்சர்" என்றாள். புத்தகக் கம்பெனிக்குப் போன் போட்டாள். பழைய மாதத்துப் புத்தகங்கள் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். வந்தாலும் யார் எழுதுவது? ஒரு வரிக்கு நாரே ஒரு சாயங்காலம் எடுத்துக்கொள்வாள்.

அன்று வியாழக்கிழமை. போன வாரம் போட்ட நவம்பர் புத்தகமாவது இன்னும் கிடக்குமா என்று அவள் கீழே ஓடினாள். குப்பை பிரிக்கிற கொட்டகையில் காவலாளி பாங் கையுறை போட்டுக்கொண்டு நின்றார். எந்த வீட்டில் எத்தனை சோஜு சாராய பாட்டில் காலியாகிறது என்று அறிந்த மனிதர், வாயைத் திறக்க மாட்டார்.

"பேப்பர்ல போட்டதைத் திருப்பி எடுக்கக் கூடாதும்மா."

"என் பொண்ணு புத்தகம், ஐயா. தெரியாம வந்துடுச்சு."

"நாரேன்னு ஸ்டிக்கர் போட்டதா?" பாங் அவளை ஒரு பார்வை பார்த்தார். "அது மாசா மாசம் தெரியாமத்தானே வருது. பில்சுன் அம்மா எடுத்துட்டுப் போயிடுவாங்க. கீழ ரூம்ல கேட்டுப் பாருங்க."

பில்சுன் அந்த பிளாக்கின் மாடிப்படி துடைக்கிறவர். அறுபத்தாறு வயசு. ஆறு வருஷமாக யோன்ஹி அவருடைய துடைப்பத்தைத்தான் பார்த்திருக்கிறாள். ஈரத்தில் கால் படாமல் தாண்டிப் போவாள். இன்றைக்குத்தான் அவர் ஓய்வெடுக்கிற நிலவறைக்கு முதல் தடவையாக வருகிறாள். சூடேற்றும் மின்சாரப் பாய், வெந்நீர்க் கெண்டி, கிம்ச்சி ஊறுகாய் டப்பா. சுவரோரம் ஒரு ஆப்பிள் பெட்டி. அதற்குள் வரிசையாக ஒன்பது புத்தகங்கள், ஒன்பதிலும் நாரேவின் பெயர்.

"நான்தாம்மா எடுத்தேன்" என்று பில்சுன் பாயிலிருந்து எழுந்துவிட்டார். "தூக்கிப் போட்டதுதானேன்னு நினைச்சேன். எங்க வீட்ல ஆறு பொண்ணு, நான் மூத்தவ. பள்ளிக்கூடம் அனுப்பல. இதுல படம் போட்டு எழுத்து இருந்துச்சா, பார்த்துப் பார்த்து எழுதினேன். முதல்ல பாங் ஐயாகிட்ட கேட்டுக் கேட்டு எழுதினேன், அப்புறம் தானா வந்துடுச்சு. தப்புன்னா மன்னிச்சிடும்மா."

யோன்ஹியின் காதில் இதில் பாதிகூட விழவில்லை. ஒரு புத்தகத்தை எடுத்துக் கட்டை விரலால் சர்ரென்று விசிறினாள். பக்கம் பக்கமாகப் பென்சில் எழுத்து. ஒரு கட்டம் காலி இல்லை. இன்னொன்றை விசிறினாள், அதுவும் அப்படியே. வேறு யாராக இருந்தாலும் வெட்கத்தில் முகம் சிவந்திருக்கும். இவளுக்குச் சிவந்தது சந்தோஷத்தில்.

"கையெழுத்து அச்சு அசல் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை எழுதின மாதிரியே இருக்கு, பெரியம்மா" என்றாள். அதைப் பாராட்டு என்றே நினைத்துச் சொன்னாள். "எனக்கு ஒரு பத்து நாளைக்குக் குடுங்க."

மாடிக்கு ஓடி, சூசோக் அறுவடைப் பண்டிகைக்குப் பரிசாக வந்து பிரிக்காமல் கிடந்த டின் இறைச்சிப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். பில்சுன் அதைத் தொடவில்லை.

"இதெல்லாம் எதுக்கும்மா. எங்க கொண்டுபோறீங்க?"

"நாரே டீச்சர்கிட்ட. அவங்க பார்க்கணுமாம்."

"டீச்சரா? திருத்துவாங்களா?" பில்சுனின் குரலே மாறிவிட்டது. "ஒன்பது மாசமா எழுதறேன். சரியா தப்பான்னு ஒருத்தரும் பார்க்கல. பாங் ஐயாவுக்கும் கண்ணு சரியில்ல. திருத்துவாங்கன்னா தாராளமா கொண்டுபோங்க. ஆனா திருப்பித் தந்துடணும்."

"சத்தியமா தரேன், பெரியம்மா."

மறுநாளே புத்தகக் கட்டை டீச்சரிடம் சேர்த்துவிட்டு, அடுத்த ஒரு வாரம் யோன்ஹி படு சுறுசுறுப்பாக இருந்தாள். முடிக்குச் சாயம் போட்டாள். உரையை எழுதி, கண்ணாடி முன் நின்று ஏழு தடவை சொல்லிப் பார்த்தாள். நாரே வந்து "அம்மா, இது என்ன எழுத்து?" என்று ஒரு தடவை கேட்டாள். "அப்புறம் சொல்றேன், கூட்டம் முடியட்டும்" என்றாள். புத்தகங்களை மட்டும் கொடுக்குமுன் அவள் திறக்கவே இல்லை. கூட்டத்தன்று டீச்சர் திருத்திய கட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, மேல் புத்தகத்தின் ஓரத்தில் சரி என்று போட்ட சிவப்பு வட்டங்கள் தெரிந்தன. அது போதுமானதாக இருந்தது.

வகுப்பறையில் முப்பது அம்மாக்கள், வழி தவறி வந்தாற்போல் இரண்டு அப்பாக்கள். பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். யோன்ஹி பேசினாள். சும்மா சொல்லக் கூடாது, கணீரென்று பேசினாள்.

"படிப்புங்கறது பள்ளிக்கூடத்துல தொடங்கறதில்ல. நம்ம வீட்டுக் குப்பைக் கூடையிலேயே தொடங்குது."

அம்மாக்கள் எழுதிக்கொண்டார்கள். ஒன்பது புத்தகங்களையும் மேசையில் விசிறி போல் பரப்பினாள். எல்லாரும் கை தட்டினார்கள். நம்கூங் டீச்சரும் தட்டினார். அப்புறம் ஒரு புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டுங்களேன், நாரே அம்மா. செப்டம்பர் புத்தகம், கடைசிப் பக்கம். படம் வரைஞ்சு நாட்குறிப்பு எழுதற பக்கம். எனக்கு ரொம்பப் பிடிச்சது."

கடைசியில் அப்படி ஒரு பக்கம் இருப்பதே யோன்ஹிக்கு அன்றுதான் தெரியும். மேல் பாதியில் ஒரு படிக்கட்டு, ஒரு துடைப்பம், அதைப் பிடித்த ஒரு ஆள். அவள் உரைக்காகப் பழக்கிய குரல் தயாராக இருந்தது. கண் போகுமுன் வாய் போனது.

"இன்று திங்கட்கிழமை. பத்தாம் மாடியில் யாரோ கிம்ச்சிக் குழம்பைக் கொட்டிவிட்டார்கள். நான் மூன்று தடவை துடைத்தேன். முழங்கால் வலித்தது."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிள்ளையின் கற்பனை என்று நினைத்தார்கள். யோன்ஹி நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள்.

"வாசிங்க" என்றார் டீச்சர். குரலில் கோபம் இல்லை. அதுதான் கொடுமை.

"லிஃப்டில் நாரேயைப் பார்த்தேன். இந்தப் புத்தகம் அவளுடையது. பட்டன் பக்கத்தில் ஒட்டியிருந்த காகிதத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். இதில் என்ன எழுதியிருக்கு பாட்டி என்று கேட்டாள். எனக்கு இப்போது படிக்கத் தெரியும். 'நாளை தண்ணீர் வராது' என்று படித்துச் சொன்னேன். அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இருக்கவில்லை. அவளுக்கு எல்லாரும் இருக்கிறார்கள்."

கீழே சிவப்பு மையில் டீச்சர் எழுதியிருந்தார்: 'ஒரு பிழைகூட இல்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.' அதை அவள் சத்தமாக வாசிக்கவில்லை. அறையில் பாதிப் பேருக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் மேசையைப் பார்த்தார்கள். மீதிப் பேரில் ஒரு அம்மா கையைத் தூக்கி, "அந்தப் புத்தகம் எந்தக் கம்பெனிங்க? நாங்களும் வாங்கறோம்" என்று கேட்டாள்.

வாசலில் டீச்சர் புத்தகக் கட்டை அவள் கையில் கொடுத்தார். "எழுதினவங்ககிட்ட சேர்த்துடுங்க. திங்கட்கிழமையிலேர்ந்து பள்ளிக்கூடம் விட்டு ஒரு மணி நேரம் நாரேயோட நான் உக்கார்றேன். வீட்ல நீங்க ஒரு மணி நேரம் உக்காருங்க. போன் இல்லாம."

யோன்ஹி நேராக நிலவறைக்குப் போனாள். வீட்டுக்குப் போக அவளுக்குத் துணிச்சல் இல்லை. குழுவில் இந்நேரம் என்னென்ன எழுதியிருப்பார்களோ. பில்சுன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டை அவிழ்த்தார். கூட்டத்தில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒவ்வொரு சிவப்பு வட்டத்தின் மேலும் விரலை வைத்து வைத்துப் போனார். மார்ச் புத்தகத்தில் தப்புகள் நிறைய. ஜூனில் குறைந்துவிட்டன. செப்டம்பரின் கடைசிப் பக்கத்துக்கு வந்தவர் அந்தச் சிவப்பு எழுத்தை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார்.

"ஒத்தடம் குடுக்கச் சொல்லியிருக்காங்க" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பெரியம்மா, நான்..." என்று யோன்ஹி தொடங்கினாள். ஊருக்கெல்லாம் வாசிப்பைப் பற்றிப் பேசியவளுக்கு மன்னிப்பு என்ற ஒரு சொல் கிடைக்கவில்லை.

பில்சுன் அதைக் கவனித்தாற்போல் தெரியவில்லை. புத்தகங்களை ஆப்பிள் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, "டிசம்பர் புத்தகம் இன்னும் கீழ வரலையேம்மா?" என்று கேட்டார்.

"அது வராது, பெரியம்மா." யோன்ஹியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அது நாரேவுக்கு வேணும்."

பில்சுனின் முகம் வாடியது நிஜம். அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டார்.

"அதுவும் சரிதான். பிள்ளைக்குத்தானே முதல்ல. நான் 907-ஆம் நம்பர் வீட்டுப் புத்தகத்துக்குப் போய்க்கறேன். அவங்க வீட்டுப் பிள்ளை ரெண்டாங்கிளாஸ். அங்கயும் ஒரு எழுத்து எழுதாமத்தான் புத்தகம் கீழ வருது."