ஊமைப்படத்துக்கு வாய் கொடுத்தவர்கள்

திரை கட்டிப் படம் காட்டுகிற தொழிலில், படத்தைப் பார்க்கிற நேரத்தைவிடக் காற்றைப் பார்க்கிற நேரம்தான் அதிகம். பந்தல் போடுகிறவர்கள், ரேடியோ செட் கட்டுகிறவர்கள், அடுத்தவர் விசேஷத்தில் வயிற்றில் நெருப்போடு நிற்கிறவர்கள் எல்லாருக்கும் இது புரியும். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். உடையார்பாளையத்தில் முந்திரிக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு முதுகில் அடிபட்ட பிறகு, அவருடைய புரொஜக்டரும் வெள்ளைத் திரையும் என் தலையில் விழுந்தன.

ஆளுக்கொரு போனில் படம் ஓடுகிற காலத்தில் திருவிழாவுக்குத் திரை கட்ட யார் கூப்பிடுவார்கள்? ஒவ்வொரு ஊராகக் கழன்றுகொண்டது. மறுபடியும் முந்திரிக் கொட்டைத் தோட்டு எண்ணெயில் கை வேகத்தான் போகிறதோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. கடைசியாக, யாரும் போனில் தேடிப் பார்க்காத ஒன்றைக் கொண்டுபோனேன். நூறு வருஷத்துக்கு முந்தைய வெளிநாட்டு ஊமைப்படங்கள். கறுப்பு வெள்ளை. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு குண்டு விவசாயி, ஒரு ஒல்லி விவசாயி, மாடு, கோழி, சகதி. அவ்வளவுதான் கதை.

உதைக்கு முன்பே

சிறுவாச்சூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. பெண்கள் எல்லாரும் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். திரையில் குண்டு விவசாயி முக்காலியும் வாளியுமாக மாட்டிடம் போய் உட்கார்ந்தான். அவன் மடியைத் தொட்டானோ இல்லையோ, "அய்யய்யோ! கன்னுக்குட்டிய ஊட்ட விடாம கை வைக்கிறானே பாவி!" என்று ஒரு குரல். "ஒதைக்கும்டா, எந்திரிச்சிரு!" என்று இன்னொரு குரல். முன்வரிசை முழுக்க எழுந்தே விட்டது. அப்புறம்தான் மாடு உதைத்தது. அவன் பறந்து போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தான். சிரிப்புச் சத்தத்தில் என் திரை ஆடியது.

அந்தப் படத்தை நான் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்தவள். சிரிப்புக் காட்டத்தான் மாடு உதைக்கிறது என்று நினைத்திருந்தேன். அது எதற்காக உதைத்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கூட்டம் கலையும்போது ஒரு பால்காரம்மா என் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: "படம் எடுத்தவன் மாடு வளத்தவந்தாம்மா. நடிக்கிறவந்தான் வளக்காதவன்."

அந்தப் பக்கத்துப் படம்

ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்து ஊரில் மாதா கோயில் திருநாள். நாற்காலிகளை எல்லாம் ஆண்கள் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் திரைக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். மெல்லிய துணிதானே, படம் அந்தப் பக்கமும் தெரியும். படத்தில் வாசிக்க எழுத்தும் கிடையாது. யார் சண்டைக்கு வருவார்களோ என்று எனக்குத்தான் கவலை.

ஒல்லி விவசாயி திருடிய கோழியை வறுத்துச் சாப்பிடுகிற இடம் வந்தது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. முன்னால் ஆண்கள் சும்மா இருந்தார்கள். பின்னால் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னவென்று ஆண்கள் ஒவ்வொருவராகச் சுற்றிப் போய்ப் பார்த்தார்கள். பின்பக்கம் இருந்து பார்த்தால் படம் இடம் வலம் மாறி, அவன் இடது கையால் வளைத்து வளைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்! "பீச்சாங்கையால தின்றான் பாருடி, இவன வளத்தவள சொல்லணும்" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போன ஆண்கள் திரும்பவே இல்லை. முன்னால் பாதி நாற்காலி காலி. கடைசியில் கோயில் உபதேசியார் என்னிடம் வந்து சொன்னார்: "அடுத்த தடவ திரைய திருப்பிக் கட்டிருங்கம்மா. நல்ல படம் அந்தப் பக்கம்தான் ஓடுது."

போனில் வந்த சத்தம்

அரியலூர்ச் சாலையில், சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ஒரு ஊர். படம் பாதியில் இருக்கும்போது வீட்டுக்காரர் போன் பண்ணினார். "என்னா அங்க சத்தம்? அடிதடியா?" என்று பதறினார். சிரிக்கிறார்கள் என்றேன். நம்பவில்லை. பேசாத படத்துக்கா என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம், "போன வச்சிராத. அப்படியே கூட்டத்துப் பக்கமா திருப்பிப் புடி" என்றார்.

கொம்பு யாருக்கு

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். திருவிழா முழுக்க எங்களையே கூப்பிட்டுக்கொண்டிருந்த ஊர். இதுவும் போனால் தொழிலே போச்சு. விழாக் கமிட்டித் தலைவர் ராமசாமி முகம் கொடுத்தே பேசவில்லை. "ஒரு படம் போடு. சனம் உக்காந்தா அடுத்த வருசம் பாப்போம். இல்லன்னா சுருட்டிக்கிட்டு கெளம்பு, ஆடல் பாடல்காரன் காத்திருக்கான்" என்றார். பொருளாளர் கலியமூர்த்தி அதற்கு மாறாக ஏதோ சொன்னார். அவர்கள் இரண்டு பேரும் எதிலும் ஒத்துப்போக மாட்டார்களாம்.

திரையில் ஒரே மாட்டுக்குக் குண்டனும் ஒல்லியும் அடித்துக்கொண்டார்கள். ஒருத்தன் கொம்பைப் பிடித்து இழுக்கிறான், ஒருத்தன் வாலை. திடீரென்று கூட்டத்திலிருந்து ஒரு டிராக்டர் டிரைவர் அறிவிப்பு மைக்கைப் பிடுங்கிக்கொண்டான். குண்டனுக்குத் தலைவர் குரல்: "யோவ் கலியமூர்த்தி! தலைவன்னு ஒரு மரியாத இருக்கா? கொம்பு என்னுது!" ஒல்லிக்குப் பொருளாளர் குரல்: "வச்சிக்குங்க தலைவரே. பால் எந்தப் பக்கம் வருதுன்னு எனக்குத் தெரியும்!"

ஊரே உருண்டது. போனைக் கையில் வைத்திருந்த ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. தலைவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். நேராக என்னை நோக்கி வந்தார். நான் சுவிட்சில் கை வைத்துவிட்டேன். அவர் டிரைவரிடமிருந்து மைக்கை வாங்கினார். "டேய், எங்குரலு இப்படிக் கீச்சுன்னா இருக்கு? தள்ளு. ஏம்மா, மொதல்லேர்ந்து போடு, நானே பேசுறேன்" என்றார்.

பேசினார். அட, எப்படிப் பேசினார்! கண் காணாத தூரத்துத் தேசத்துக் குண்டன் எங்கள் பக்கத்துப் பேச்சில் மூச்சு வாங்கினான். பக்கத்தில் பொருளாளரும் வந்து நின்று ஒல்லிக்குப் பேசினார். அந்த ஊர்க்காரர்கள் வாய்பிளந்து உட்கார்ந்திருந்தார்கள், நானும்தான். படம் முடிந்ததும் பொருளாளர் மைக்கிலேயே அறிவித்தார்: "அடுத்த வருசமும் இந்தம்மாதான் வருது. ஆனா அப்ப கொம்பு எனக்கு."

வாயே திறக்காமல் விழுந்து எழுந்த இரண்டு பேர் என் பிழைப்பைக் காப்பாற்றிவிட்டார்கள், இனி நான் கவலைப்பட வேண்டியது ஊர்ப் பெரியவர்கள் மைக்கைத் திருப்பித் தருவார்களா என்பதற்கு மட்டும்தான்.