எல்லாப் படத்திலும் அதே கானமயில்

எங்கள் ஆபீஸில் பறவைப் படங்களைக் காட்டி, கம்ப்யூட்டருக்கு அடையாளம் கற்றுக்கொடுக்கிறோம். இன்று கானமயிலின் முறை. இடுப்புயரம் நிற்கும் பெரிய பறவை. பெல்லாரிப் பக்கம் புல்வெளியில் வைத்த கேமராக்களிலிருந்து படங்கள் வந்திருந்தன.

பக்கத்து சீட் பிரபு, கோலார் தங்கவயல்காரன், சலித்துக்கொண்டான்.

"ஒரே போட்டோவையே திரும்பத் திரும்ப அனுப்பி வச்சிருக்காங்க. டூப்ளிகேட் எல்லாம் டெலீட் பண்ணிட்டேன்."

அவன் அழித்துப் போட்டிருந்ததை எட்டிப் பார்த்தேன். ஒரு படத்தில் புல் பச்சையாக இருந்தது. இன்னொன்றில் காய்ந்து கிடந்தது. வேறொன்றில் மழை.

"போட்டோ எல்லாம் வேற வேறதான் பிரபு. காலைப் பாரு."

எல்லாவற்றிலும் இடது கால் ஒரே மாதிரி வளைந்திருந்தது.

ஒவ்வொரு படத்திலும் காலைப் பார்த்துவிட்டுக் கேட்டான். "எல்லாம் ஒரே பறவைன்னா, மத்ததெல்லாம் எங்க?"

'மிக அருகிய இனம்' என்று தினமும் டைப் செய்கிறவள் நான்.

அழித்ததையெல்லாம் அவனே திரும்ப எடுத்து வைத்தான். கடைசியாக ஒரு வீடியோ இருந்தது. அதில் அந்தப் பறவை கழுத்தை உப்பவைத்துக்கொண்டு கூப்பிடுகிறது. தலையைச் சாய்த்துக் காத்திருக்கிறது. மறுபடியும் கூப்பிடுகிறது.

ஹெட்போனைக் கழற்றிய பிறகும் எனக்குக் கேட்கிறது.

யாராவது எங்கேயாவது இன்னொரு கானமயிலைப் பார்த்திருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள். கம்ப்யூட்டருக்காகக் கேட்கவில்லை.