நாலு தரம் பெயர் கேட்ட கோச்சர்

அண்ணாவின் கோச்சரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். வெட்கம் பின்னால் மெதுவாக நடந்து வரும்.

ஸ்காபரோவுக்கு வந்து எங்களுக்கு இரண்டாவது வருடம். எனக்குப் பத்து வயது. அண்ணா பள்ளிக்கூடத்தில் முட்டை வடிவப் பந்து விளையாடும் குழுவில் சேர்ந்திருந்தான். யாழ்ப்பாணத்தில் வெறுங்காலால் பந்து உதைத்துப் பழகியவன். அந்தக் காலைக் கண்டுதான் கோச்சர் அவனைப் பிடித்துப் போட்டார். இரண்டு தூண்களுக்கு நடுவே பந்தை உதைப்பதுதான் அவன் வேலை.

கோச்சர் எழுபது தாண்டிய வெள்ளைக்காரர். அமெரிக்காவில் அந்த விளையாட்டின் பழைய காலத்தில் சேற்றில் உருண்டு ஆடியவர். பிறகு ரொறொன்ரோவுக்கு வந்தும் ஆடி, கால் ஓய்ந்தபின் பிள்ளைகளைப் பழக்கத் தொடங்கியவர். பள்ளிக்கூட நடைவழியில் அவருடைய இளவயதுப் படம் தொங்கியது. தலையில் வெறும் தோல் தொப்பி. எங்களோடு இருந்த மாமா அண்ணாந்து பார்த்துவிட்டு, "செருப்பைத் தலையிலை கட்டினமாதிரிக் கிடக்கு" என்றார்.

அரையிறுதி ஆட்டத்துக்கு அப்பா லீவு எடுத்தார். கனடாவில் அவர் எடுத்த முதல் லீவு அது. அம்மா புளிச்சோறு கட்டினா. குளிரில் மரப்பலகையில் நாலு பேரும் ஒட்டிக்கொண்டு இருந்தோம்.

ஆட்டத்தின் நடுவில் எதிரணிப் பையன் ஒருவன் மோத, அண்ணா மல்லாக்க விழுந்தான். எழுந்து எங்களுக்குக் கை காட்டினான். அப்பா கை தட்டினார். கடைசி நிமிடத்தில் எங்கள் பக்கம் இரண்டு புள்ளி பின்னால். அண்ணா ஒரு உதை சரியாக உதைத்தால் மூன்று புள்ளி, வெற்றி. அவன் இறங்கப் போக, கோச்சர் அவன் முகத்தை இரு கையாலும் பிடித்துக் கண்ணுக்குள் பார்த்தார். ஏதோ கேட்டார். பிறகு ஓரத்தில் கிடந்த வாங்குப் பலகையில் இருத்திவிட்டார். அவனுக்குப் பதிலாக ஒரு வெள்ளைப் பையன் உதைத்தான். பந்து வேலிப் பக்கம் போனது. தோற்றோம்.

அப்பா விறுவிறுவென்று இறங்கினார். "பந்தியிலை இருத்திப்போட்டு இலையை இழுத்தமாதிரியெல்லோ செய்துபோட்டார்! ஏனெண்டு கேளடி பிள்ளை."

அண்ணாவை விட்டால் வீட்டில் இங்கிலீஷ் எனக்குத்தான் ஓடும். கேட்டேன். "என்ன கிழமை என்று கேட்டேன். ஞாயிறு என்றான்" என்றார் கோச்சர். அன்று வியாழன்.

நான் தமிழில் சொல்ல, மாமா கொதித்தார். "இரண்டு வேலை செய்யிற எனக்கே கிழமை தெரியாது. உதைக்கிறதுக்கு என்னத்துக்குக் கலண்டர்?"

கோச்சர் என்னைப் பார்த்து, உன் பெயர் என்ன என்றார். சொன்னேன். அண்ணா வாந்தி எடுத்தானா என்று கேட்டுவிட்டு, மறுபடி பெயரைக் கேட்டார். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். மூன்றாம் தரமும் கேட்டபோது எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "எங்கள் பெயர் உங்களுக்குப் பெயராகத் தெரியவில்லையா? நாங்கள் கறுப்பு என்றுதானே அண்ணாவை இருத்தினீர்கள்?" என்றேன். அப்பா சொன்னதல்ல, என் சொந்தச் சரக்கு.

அவர் கோபிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்தார். அவருடைய இடது உள்ளங்கை முழுக்க நீல மைக் கிறுக்கல். கை கழுவாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணா காருக்குள் தின்றதெல்லாம் வெளியே வர இரண்டு தரம் சத்தி எடுத்தான். "ஊர்க்கண்ணெல்லாம் பட்டுட்டுது" என்று அம்மா செத்தல் மிளகாய் சுற்றி எரித்தா. ஒரு கிழமையாகக் கோச்சர் தினமும் வீட்டுக்குப் போன் பண்ணி அண்ணாவுக்குத் தலையிடி எப்படி என்று விசாரித்தார். நான்தான் எடுத்தேன். "நலம்" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

அவர் செத்த செய்தி வந்தபோது அண்ணாவுக்கே பிள்ளைகள் இருந்தார்கள். அப்போதுதான் சொன்னான். தோல் தொப்பியோடு ஆடிய காலத்தில் எத்தனையோ தரம் விழுந்து, மயங்கி, எழும்பி, திரும்ப ஆடியிருக்கிறார். ஒருவரும் அவரிடம் கிழமை கேட்டு வாங்கில் இருத்தவில்லை. பிள்ளைகளைப் பழக்கிய கடைசி வருடங்களிலேயே ஒரு பெயரும் அடிபட்ட அந்தத் தலையில் தங்கவில்லையாம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் பிள்ளைகளின் பெயர்களை உள்ளங்கையில் எழுதிக்கொள்வாராம்.

அன்று அவர் நாலாம் தரமும் என் பெயரைக் கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். கார்க் கதவைச் சாத்தும்போது பார்த்தேன்: திறந்த பேனாவோடு, கையை விரித்தபடி, அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.