பீரங்கிக்காரரின் இடது காது

நான் பெண் கேட்கப் போனது பீரங்கியின் வரலாற்றைச் சுமந்துகொண்டு. வெற்றிலை, பழம், கூட நாலு பெரியவர்கள் என்று ஊரில் ஒரு முறை இருக்கிறது. எனக்குத் துணை வாசகசாலையில் எடுத்த ஒரு தடித்த புத்தகம்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளி. வேலை தேவிகுளத்தில், குமாஸ்தா. வெயிலில் காய்ந்து வளர்ந்த உடம்பு அங்கே இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. மூணாறு வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெண் வருவாள். பள்ளிவாசல் பக்கத்து எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் பேச்சு புத்தகத்தில் தொடங்கி, நல்லவேளையாகப் புத்தகத்தை விட்டு வெளியே வந்தது. கல்யாணம் என்று நான் சொன்னபோது அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அப்பா சரின்னு சொல்லணும். இல்லன்னா இத்தோட விட்டுருவோம்."

அவளுடைய அப்பா பர்மா சண்டையில் மலைப் பீரங்கிப் படையில் இருந்தவர். பீரங்கியைக் கழற்றி, கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றி, மேலே போய்ப் பூட்டிச் சுடுகிற படை. அப்போது தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சங்கு ஊதிக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கச் சத்தத்திலேயே சம்பாதித்தவர்.

"பீரங்கின்னா அப்பாவுக்கு உசிரு. அதப் பத்திப் பேசுங்க. அவருக்கு இடது பக்கமா உக்காந்துக்கிடுங்க" என்றாள். ஏன் இடது பக்கம் என்று நான் கேட்கவில்லை. ஏதோ சாஸ்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன அன்று நல்ல மழை. சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் எஸ்டேட் லயத்தில் அவர்கள் வீட்டுத் தகரக் கூரை அதிர்ந்துகொண்டிருந்தது.

"வாரும் சாரே, இரியும்" என்றார். நான் இடது பக்கம் உட்கார்ந்து, கோட்டை மதிலில் கல் எறிந்த கவண் பொறிகளில் ஆரம்பித்தேன். சீனத்து வெடிமருந்துக்கு வந்தேன். மணி வார்த்தவர்களே பீரங்கியும் வார்த்தார்கள், அதனால் ஐரோப்பாவில் சண்டை வந்தால் தேவாலய மணிகளுக்கு ஆபத்து என்றேன். கான்ஸ்டான்டிநோபிள் மதிலை உடைத்த ராட்சதப் பீரங்கி எவ்வளவு பெரிது என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். பானிபட்டில் வண்டிகளைப் பிணைத்து நடுவே பீரங்கி நிறுத்தியது, மைசூர்க்காரர்களின் இரும்புக் குழாய் ராக்கெட், எதையும் விடவில்லை. பாலக்காட்டுக் கோட்டை முற்றுகைக்கு, சொந்த மண் என்பதால், கூடுதலாகப் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். இப்படி ஒரு ரசிகர் எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் இல்லை.

அந்தத் தெம்பில், "உங்க புள்ளையக் கட்டிக்கோணும்னு ஆசைங்க" என்று சொல்லிவிட்டேன். அதற்கும் தலையாட்டினார்.

அடுக்களை வாசலில் நின்ற அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா உடனே, "பொறவு தெரியாதுன்னு சொல்லப்புடாது. தலைய ஆட்டுனியள்லா?" என்றார்.

அவர் நாற்காலியில் முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "சாரே, இந்த இடது காது பர்மாவுலயே போச்சு. இந்த வீட்டுல ஆடு வாங்கணும்னாலும் சினிமாவுக்குப் போவணும்னாலும் இந்தக் காதுலதான் அனுமதி கேப்பாவ. நான் மரியாதைக்குத் தலையாட்டுவேன். அதுதான் இங்க சட்டம். நீரு அந்தப் பக்கம் உக்காரயிலயே தெரியும், ஏதோ பெருசாக் கேக்கப் போறீருன்னு. இப்ப இந்தப் பக்கம் வந்து சொல்லும்."

பீரங்கியின் வரலாறு முழுவதும் வீண். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வலது பக்கம் போனேன். மழையில் அந்தக் காதுக்கும் அரைகுறையாகத்தான் கேட்டது.

"உங்க புள்ளைய எனக்குக் குடுப்பீங்களான்னு கேட்டனுங்க!" என்று கத்தினேன்.

பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல்: "சரியாக் கேக்கல சாரே, இன்னொருக்கா சொல்லுங்க!"

அவர் சிரிக்கவில்லை. "அப்ப, கைய இம்புட்டுக்கு விரிச்சுக் காட்டுனீரே, அது என்ன?"

"அது பீரங்கிங்க. அந்தக் காலத்துல பெரிய பீரங்கி."

"நான் சீரு கேக்கீரோன்னு பயந்துட்டேன்."

"ஐயோ, சீரெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க!"

"அப்பாடா!" என்றது சுவர்.

அவர் மகளைக் கூப்பிட்டார். "ஏட்டி, இங்க வா. நீ சொல்லு. இந்தக் காதுல சொல்லு."

திட்டம் போட்டுக் கொடுத்தவளின் முகம் வெளுத்துவிட்டது. குனிந்து அவர் வலது காதருகே என்னவோ முணுமுணுத்தாள். அவர் கையைக் குவித்துக் காதில் வைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் அவளும் கத்தினாள்.

"எனக்குப் பிடிச்சிருக்குப்பா! கொஞ்சம் ஜாஸ்தி பேசுவாரு! நான் பாத்துக்கிடுதேன்!"

மழை விடவில்லை. அவர் வெளியே தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பீரங்கிக்கும் சங்குக்கும் பழகிய அந்த மனிதரின் உதடு மெல்ல அசைந்தது. என்ன சொன்னார் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

அம்மா கிட்டே போய்க் குனிந்தார். "என்னது? சத்தமாச் சொல்லுங்க."

"சரின்னேன்ட்டி" என்றார், துண்டால் முகத்தைத் துடைத்தபடி.